பேபால் சரிபார்ப்புக்கு எந்த வங்கிக் கணக்கைக் கொடுக்கலாம்: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டிலிருந்தே ஆரி ப்ளவுஸ் தைத்து விற்கிறேன். சிங்கப்பூருக்குள் இருப்பவர்கள் பேநவ்வில், அதாவது இங்குள்ள வங்கிகளுக்கிடையே உடனே பணம் அனுப்பும் வசதியில், அனுப்பிவிடுவார்கள், கைப்பேசி எண் போதும். லண்டன், டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்காகத்தான் பேபால் வைத்திருக்கிறேன், அப்புறம் வைஸ்; இரண்டும் வெளிநாட்டுப் பணத்தை இணையத்தில் வாங்க உதவும் சேவைகள். இரண்டிலுமே கணக்கைச் சரிபார்க்காமல் ஓரளவுக்கு மேல் நகர முடியாது. கணக்கு திறப்பதைவிட இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது.

வீட்டுக் கடனும் பிள்ளைகளின் செலவும் போகும் கணக்கை நான் எந்தப் பணச் செயலியிலும் சேர்த்ததில்லை. அதற்கென்று ஒரு சின்னச் சேமிப்புக் கணக்கு, அதுவும் வேறு வங்கியில். இந்த வேறு வங்கி என்பதுதான் முக்கியம். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்தால் உள்நுழைவு ஒன்றுதான். கடவுச்சொல் ஒருவன் கையில் சிக்கினால் இரண்டும் போய்விடும். சின்னக் கணக்கின் டெபிட் கார்டில் தினசரி வரம்பைக் குறைத்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தேவைப்படும்போது மட்டும் திறந்துவிடுகிறேன். குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் மாதாமாதம் இரண்டு மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிடிக்கும் கணக்குகள் உண்டு, அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய கணக்கில் உள்ளதில் ஒரு பகுதியைப் பூட்டி வைத்திருக்கிறேன். 2023 கடைசியில் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி என்ற இங்குள்ள மூன்று பெரிய வங்கிகளுமே இந்த வசதியைக் கொண்டுவந்தன. பூட்டிய தொகையை இணையச் சேவை வழியாக வெளியே அனுப்ப முடியாது.

சரிபார்ப்பு நடக்கும் விதம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கார்டைச் சேர்த்ததும் பேபால் ஒரு சின்னத் தொகையைப் பிடிக்கும். வங்கிச் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் பேபாலின் பெயரோடு ஒட்டினாற்போல் நான்கு இலக்கமும் கோட் (CODE) என்ற சொல்லும் இருக்கும். அந்த நான்கு இலக்கத்தைப் பேபாலில் போட்டால் கார்டு உங்களுடையதுதான் என்று ஒத்துக்கொள்ளும், பிடித்த தொகையும் திரும்பி வந்துவிடும். வேறு சில நிறுவனங்கள் வங்கிக் கணக்கில் ஒரு வெள்ளிக்கும் குறைவாக இரண்டு தொகைகளைப் போட்டு, எவ்வளவு வந்தது என்று கேட்கும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கணக்கைத் திறந்து பார்க்கக்கூடியவர் நீங்கள்தானா என்பது. உங்கள் இணைய வங்கிக் கடவுச்சொல்லுக்கு இதில் வேலையே இல்லை.

பணத்தை எடுக்க வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போது வங்கிக் குறியீடு கேட்கும். டிபிஎஸ்ஸுக்கும் அதைச் சேர்ந்த பிஓஎஸ்பிக்கும் ஒரே குறியீடுதான், 7171. ஓசிபிசிக்கு 7339, யூஓபிக்கு 7375. என்னோடு ஆரி வகுப்பில் இருந்த தங்கை ஒருத்தி, "அக்கா, கணக்கு நம்பரையே குடுத்துட்டா உள்ள பூந்து எடுத்துற மாட்டாங்களா?" என்று கேட்டாள். கணக்கு எண்ணை மட்டும் வைத்துப் பணம் போடலாம், எடுக்க முடியாது. கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம், ஓடிபி, வங்கிச் செயலியில் வரும் ஒப்புதல், பணம் வெளியேறுவது இவற்றின் வழியாகத்தான். "அப்போ எண்ணைக் குடு, ஓடிபியைக் குடுக்காதேன்னு சொல்றீங்க" என்றாள். சரியாகத்தான் பிடித்தாள்.

அந்த ஓடிபி குறுஞ்செய்தியிலும் எண்ணை மட்டும் பார்த்து அவசரமாகத் தட்டிவிடக்கூடாது. எதற்காக, எவ்வளவு, எந்தக் கடை என்று முழுதாகப் படியுங்கள். "உங்கள் கார்டைக் கைப்பேசிப் பணப்பையில் சேர்க்க" என்று இருந்தால் அது சரிபார்ப்பே அல்ல. உங்கள் கார்டை இன்னொருவன் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று அர்த்தம். 2025 தொடக்கத்தில் போலீஸ் இதைப் பற்றியே தனியாக எச்சரித்தது.

பழைய பொருள் விற்கும் தளங்களில் நடப்பது இன்னொரு வகை. வாங்குபவர் போல ஒருவர் வருவார், பேரம்கூடப் பேசமாட்டார். பணம் கட்டிவிட்டேன், அதைப் பெற்றுக்கொள்ள உங்கள் கணக்கைச் சரிபாருங்கள் என்று ஒரு இணைப்போ க்யூஆர் படமோ அனுப்புவார். திறந்தால் வங்கியின் பக்கம் மாதிரியே இருக்கும். பணம் பெற எந்தச் சரிபார்ப்பும் வேண்டாம், பேநவ் எண் போதும் என்று சொன்னால் ஆள் காணாமல் போய்விடுவார். 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். அதற்குப் பிறகுதான் வங்கிகள் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. ஆக, வங்கி பெயரில் இணைப்பு வந்தாலே அது வங்கி இல்லை. பேபால் பெயரில் வந்தாலும் நான் தொடுவதில்லை. செயலியை நானே திறந்து, அங்கே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இனி நம்மவர்களுக்கே உரிய தலைவலிக்கு வருகிறேன்: பெயர். அடையாள அட்டையில் என் பெயர், அடுத்து மகள் என்பதைக் குறிக்கும் டி/ஓ, அடுத்து அப்பா பெயர். டெபிட் கார்டில் இடம் போதாமல் அப்பா பெயர் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. பணச் செயலியோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டியைக் காட்டுகிறது. ஒரு நிறுவனத்தின் படிவம் சாய்கோட்டையே ஏற்கவில்லை. அதை விட்டுவிட்டு நிரப்பினேன். அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று கணக்கை முடக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு வாடிக்கையாளர் கட்டிய முன்பணம் கிடந்தது. உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களே தவிர, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அது அப்பா பெயர் என்பது அவர்கள் காதில் ஏறவேயில்லை. கடைசியில் கடவுச்சீட்டின் படத்தை அனுப்பித்தான் மீண்டது. இப்போது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி: முதல் பெட்டியில் என் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர் முழுசாக, நடுவில் ஒன்றுமில்லை. அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸில் உள்ள மைஇன்ஃபோ வழியாகச் சேரும் வாய்ப்பு இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். அரசாங்கத்தில் உள்ளபடியே பெயர் போய்விடும், அட்டையைப் படமெடுத்து அனுப்பும் வேலையும் இல்லை. வைஸில் எனக்கு அப்படித்தான் முடிந்தது.

அடையாள அட்டை நகலை நிறுவனங்கள் கேட்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் சாதாரணக் கடைகளும் நிறுவனங்களும் சட்டத் தேவை இல்லாமல் அடையாள அட்டை எண்ணையோ நகலையோ வாங்கக்கூடாது. பேபால், வைஸ் போன்ற பணப் பரிமாற்றச் சேவை நிறுவனங்கள் அதில் விதிவிலக்கு. கறுப்புப் பண விதிகளின்படி வாடிக்கையாளர் யாரென்று அவர்கள் பார்த்தே ஆகவேண்டும். அதனால் கேட்பவர் உரிமம் பெற்றவரா என்பதுதான் கேள்வி. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பக்கத்தில் நிதி நிறுவனப் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். முகவரிச் சான்றுக்கு வங்கி அறிக்கையைக் கேட்டால் முடிந்தவரை எஸ்பி நிறுவனத்தின் கரண்ட் பில்லைக் கொடுங்கள். வங்கி அறிக்கையேதான் வேண்டுமென்றால் அந்தச் சின்னக் கணக்கின் அறிக்கை. எங்கே காய்கறி வாங்குகிறேன், யாருக்குப் பணம் அனுப்புகிறேன் என்பதெல்லாம் அதில் இருக்காது.

இந்த ஏற்பாட்டில் சின்ன அலுப்பு இருக்கத்தான் செய்கிறது. பணம் பேபாலிலிருந்து சின்னக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து வங்கிகளுக்கிடையேயான ஃபாஸ்ட் பரிமாற்றத்தில் பெரிய கணக்குக்குப் போகவேண்டும். ஃபாஸ்ட் உடனே போய்ச் சேர்வதால் அது பெரிய குறையில்லை. எனக்கு வலிப்பது நாணய மாற்றுதான். பவுண்டில் வந்ததைப் பேபால் தன் விகிதத்தில் வெள்ளியாக மாற்றித்தான் வங்கிக்கு அனுப்புகிறது, அந்த விகிதத்தில் அவர்கள் பங்கும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் பழகிய லண்டன் வாடிக்கையாளர்களுக்கு வைஸின் பவுண்டு கணக்கு விவரத்தைக் கொடுத்துவிட்டேன். முதல் தடவை வாங்குபவர்கள் பேபால்தான் வேண்டும் என்கிறார்கள்; பொருள் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற தைரியம் அவர்களுக்கு அதில்தான். அவர்களுக்காக மட்டும் பேபால் இன்னும் ஓடுகிறது.