த பாண்ட், 1969: ஒருத்தரும் முன்னுக்கு வந்து நிக்காத அல்பம்

இசைக்குழுவில வாசிக்கிற ஆக்களைக் கண்டா நான் பிடிச்சு வச்சு கேளுங்கோ எண்டு சொல்லுற அல்பம் இது. பாண்டின்ர பேரே த பாண்ட், அல்பத்துக்கும் அதே பேர்தான், அதால யூடியூப்பில வெறும் பேரை அடிச்சா கலியாண வீட்டு பாண்ட் எல்லாம் வரிசையா வந்து விழும், 1969 எண்டதையும் சேர்த்து அடியுங்கோ. மண்ணிற அட்டையில தாடியும் மீசையுமா அஞ்சு பேர், ஏதோ நூறு வருசத்துக்கு முந்தின ஆக்கள் மாதிரி நிப்பாங்கள், அதுதான்.

உள்ள இருக்கிறது முழுக்க அமெரிக்க மண்ணின்ர சத்தம். ஆனா அஞ்சில நாலு பேர் கனடாக்காரர், ஒன்டாரியோ பக்கம். ட்ரம்ஸ் அடிக்கிற லெவோன் ஹெல்ம் மட்டும்தான் அமெரிக்கன், ஆர்கன்சோவில பருத்தி விதைக்கிற குடும்பத்துப் பெடியன், ஹெலினா டவுன் ரேடியோவில ப்ளூஸ்காரர் சனி பாய் வில்லியம்சன் ஹார்மோனிக்கா ஊதுறதை சின்ன வயசில நேரிலயே பாத்தவர். ஒர்கன் வாசிக்கிற கார்த் ஹட்சன் பாக் மாதிரி மேற்கத்திய கிளாசிக்கல் எல்லாம் முறையாப் படிச்ச மனுசன், மாமன்ர மரணச்சடங்கு நடத்துற இடத்திலயும் வாசிச்சிருக்கிறார். கிற்றார் ரொபி ரொபர்ட்சன்ர தாய் பூர்வகுடி. இவங்கள் வருசக்கணக்கா ரோனி ஹோக்கின்ஸ் எண்ட பாட்டுக்காரனுக்குப் பின்னால நிண்டு வாசிச்சு, பிறகு பொப் டிலான் நாட்டுப்புறப் பாட்டை விட்டு எலெக்ட்ரிக் கிற்றாருக்கு மாறின நேரம் 65, 66ல அவருக்குப் பின்னால நிண்டு சனம் ஊளையிட ஊளையிட வாசிச்ச ஆக்கள் (லெவோன் அது தாங்கேலாம இடையில விட்டுட்டுப் போய் பிறகு திரும்பி வந்தவர்). 1968லதான் சொந்தப் பேரில முதல் அல்பம், இது ரெண்டாவது. பின்னுக்கு நிண்டு பழகினதாலயோ என்னவோ இதில ஒருத்தரும் முன்னுக்கு வந்து நான்தான் எண்டு நிக்கிறேல்ல, எனக்கு இந்த அல்பத்தில பிடிச்சதே அதுதான்.

எங்கட திருமலைப் பக்கம் ஃபியூஷன் எண்டா கொத்து ரொட்டி போடுற மாதிரி, நாலைஞ்சைப் போட்டு டங்கு டங்கெண்டு கொத்தி விடுறது, நடுவில ஒரு தவில் தனியா, பிறகு ஒரு கிற்றார் தனியா, எல்லாரும் கை தட்டுவினம். இங்க ப்ளூஸ், கன்ட்ரி, தேவாலயத்து கொஸ்பல், ராக்டைம், மலைநாட்டு ஃபிடில் எல்லாம் இருக்கு, ஆனா எது எங்க முடியுது எது எங்க தொடங்குது எண்டு பிரிச்சு எடுக்கேலாது. ரெண்டாவது பாட்டைக் கேளுங்கோ. பேஸ் வாசிக்கிற ரிக் டாங்கோ ஃபிடில் எடுத்திட்டார், லெவோன் மண்டொலின் எடுத்திட்டார், பியானோக்கார ரிச்சர்ட் மானுவல் போய் ட்ரம்ஸ்ல இருந்திட்டார், பியானோ கார்த்திட்ட போயிட்டுது, அப்ப பேஸ் ஆர் எண்டா ப்ரொடியூசர் ஜோன் சைமன் டியூபா எண்ட பெரிய பித்தளைக் குழலை ஊதுறார்! ஸ்டூடியோவும் ஸ்டூடியோ இல்லை, ஹொலிவூட் மலைப்பக்கம் பாட்டுக்காரர் சாமி டேவிஸ் ஜூனியர்ர வீட்டை வாடகைக்கு எடுத்து அங்க நீச்சல் குளத்தோட இருந்த கட்டடத்திலதான் கனக்கப் பாட்டு ரெக்கோட் பண்ணினது. அதாலதான் ட்ரம்ஸ் பலகையில அடிச்ச மாதிரி கிட்டக் கேக்குது, எக்கோ கிக்கோ ஒண்டுமில்லை.

அஞ்சாவது பாட்டில மோர்சிங் மாதிரி ஒரு சத்தம் வரும். மோர்சிங் இல்லை. கார்த் கிளாவினெட் எண்ட கீபோர்டை வா-வா பெடலுக்குள்ளால (காலால மிதிச்சு சத்தத்தை வா வா எண்டு மாத்திற பெட்டி) விட்டு எடுத்தது. நானும் கீபோர்ட் வாசிக்கிற ஆள், ஆயிரம் டோன் உள்ள மெசினை வச்சுக்கொண்டு ரெண்டு ஸ்ட்ரிங்ஸ் டோன்லயே காலத்தை ஓட்டுறம், இந்த மனுசன் என்னடா எண்டா 69லயே.

பாடுறது மூண்டு பேர், ரிச்சர்ட், ரிக், லெவோன். ஒராள் தொடங்குவார், மற்றவர் நடுவில ஏறுவார், சுருதி சுத்தமா ஒட்டுற கோரஸ் எல்லாம் எதிர்பாக்காதேங்கோ, ஆளுக்கொரு பக்கத்தால வந்து சந்தியில சேருறமாதிரித்தான் இருக்கும். எட்டாவது பாட்டு, ஆடுகதிரையைப் பற்றினது, அதில ட்ரம்ஸே இல்லை, மண்டொலின், அக்கோடியன், கிற்றார், பேஸ். ஒரு கிழட்டுக் கப்பல்காரன் தன்ர கூட்டாளிக்குச் சொல்லுறான், போதும்டா கடல், ஊருக்குப் போய் ஆடுகதிரையில இருப்பம் எண்டு. வெர்ஜீனியாவுக்குப் போற கதைதான், ஆனா உட்துறைமுக வீதியில பின்னேரம் மதிலில இருந்து தண்ணியையே பாத்துக்கொண்டு இருக்கிற வயசானவையைக் கண்ட ஆக்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ரிச்சர்ட்டின்ர குரல் அதில உடைஞ்சு உடைஞ்சு வரும், அவருக்கு அப்ப முப்பது வயசும் ஆகேல்ல.

மூண்டாவது பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும். அமெரிக்க உள்நாட்டுப் போரில தோத்த தெற்குப் பக்கத்து ஏழை ஒருத்தன் 1865 நடந்ததைச் சொல்லுறான், பசி, குளிர், பதினெட்டு வயசில செத்துப்போன சகோதரம். லெவோன் பாடுறதைக் கேட்டா சத்தியமா நெஞ்சை அடைக்கும், இந்த ஊரில வளந்த எங்களுக்கு சொல்லவே தேவையில்லை. ஆனா அந்தத் தெற்கு அடிமை முறையைக் காப்பாத்தத்தான் சண்டை பிடிச்சது, பாட்டில அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்ப கனபேர் அதைக் கேள்வி கேக்கினம், நியாயமான கேள்விதான். இழவு உண்மை எண்டதுக்காக அவன் ஆருக்காகச் சண்டை பிடிச்சான் எண்டதை மறக்கேலாது. நான் பாட்டை ஸ்கிப் பண்ணுறேல்ல, ஆனா தலையாட்டிக்கொண்டும் கேக்கிறேல்ல.

ஏழாவது பாட்டு எனக்குச் சரிவரேல்ல, சும்மா ஒரு ரொக் அண்ட் ரோல். பத்தாவது பாட்டு தாளம் மாறி மாறிப் போறது, எங்கட ட்ரம்ஸ்காரப் பெடியள் ஒருக்கா கூட அடிச்சுப் பாக்கட்டும். கடைசிப் பாட்டு மழை பொய்ச்ச ஒரு விவசாயியின்ர கதை, அதில கோரஸ் வரேக்க சத்தம் கூடாது, குறையும், எல்லாரும் செய்யிறதுக்கு நேர் மாறு, அது முடியிற இடத்தில ரொபியின்ர கிற்றார். அல்பத்திலயே அதுதான் திறம் பாட்டு எண்டு நான் சொல்லுவன்.

இன்னொண்டு, 12 பாட்டிலயும் எழுதினவர் எண்டு ரொபியின்ர பேர் இருக்கு, நாலில மட்டும் கூட இன்னொராள். அதால பிறகு லெவோனுக்கும் ரொபிக்கும் பெரிய கோவம். அஞ்சு பேர் ஒரு அறைக்குள்ள இருந்து உருட்டின பாட்டுக்கு ஆர் சொந்தக்காரர் எண்டது இங்கயும் வரப்போற பிரச்சினைதான், முதல்ல இங்க ஆராவது சொந்தப் பாட்டு செய்யட்டும். பரமேஸ், கோணேஸ் எல்லாம் இந்தத் திருமலையில இருந்துதானே பொப் பாட்டு செய்தவை. இப்ப திருவிழா மேடையில சினிமாப் பாட்டு, உப்புவெளி பீச் பக்கம் சீசனுக்கு வெள்ளைக்காரருக்கு அதே நாலு இங்கிலிஷ் பாட்டு.

2019ல அம்பதாவது வருசத்துக்கு பொப் கிளியர்மவுண்டன் எண்ட சவுண்ட் எஞ்சினியர் புதுசா மிக்ஸ் பண்ணி விட்டது இருக்கு, அதோட 69ல வூட்ஸ்டொக் இசை விழாவில வாசிச்சதும் சேர்த்து. புதுசில எல்லாம் பளிச்செண்டு பிரிஞ்சு கேக்குது, பழசில ஒண்டுக்குள்ள ஒண்டு புதைஞ்சு கிடக்கும், எனக்குப் பழசுதான். எதைக் கேட்டாலும் போன் ஸ்பீக்கரில மட்டும் போடாதேங்கோ, டியூபா கேக்காது, பிறகு ரெண்டாவது பாட்டில பேஸே இல்லை எண்டு எனக்கு வந்து சொல்லுவீங்கள்.