குளிர்காலப் படகுப் பந்தயம்: லண்டன் புறநகர்ப் பாய்ப்படகுக் கழகம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மேற்கு லண்டன் புறநகரில், ஹீத்ரோவிலிருந்து கிளம்பும் விமானங்களின் தடத்துக்குக் கீழே இருக்கும் ஒரு நீர்த்தேக்கத்தில் இயங்கும் பாய்ப்படகுக் கழகத்தின் குளிர்காலப் பந்தயத் தொடரைப் பற்றிய மதிப்பீடு இது. சம்பளம் வாங்காத உறுப்பினர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து நடத்தும் ஓர் இடத்தின் குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால், கழகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் உள்ள சிறுபடகுக் கழகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

குளிரில் யார் படகு விடுவார்கள் என்ற கேள்வி நம்மவர்களிடமிருந்து உடனே வரும். கோடையில் இங்கே காற்று பல நாட்கள் செத்துக் கிடக்கும். நீலப்பசும் பாசி படர்ந்துவிட்டால் தண்ணீரில் இறங்கவே முடியாது. உறுப்பினர்களில் கணிசமானவர்கள் கடற்கரைக்கும் விடுமுறைக்கும் போய்விடுவார்கள். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்த பிறகு, அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும். போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள். இதனால் தொடக்கக் கோட்டில் நெரிசல் மிகுந்திருப்பது ஜூனில் அல்ல, டிசம்பரில்தான். ஃப்ராஸ்ட்பைட் (பனிக்கடி) தொடர் என்று அழைக்கப்படும் இந்தப் பந்தயங்கள் மார்ச் வரை ஞாயிறு காலைகளில், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேர அளவில், நாளுக்கு இரண்டாக நடக்கின்றன. தொடரில் நடந்த பந்தயங்களில், ஒவ்வொருவரும் சிறப்பாக முடித்த ஏறத்தாழ பாதியை மட்டுமே இறுதிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தவரும் பட்டியலில் மேலே வர முடிகிற இந்த விதி, குடும்பக்காரர்கள் தொடர்ந்து வருவதற்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஒரே வகைப் படகு இருந்தால்தான் பந்தயம் என்றில்லை. 1956-இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த சோலோ, வீட்டிலேயே ஒட்டுப்பலகையில் கட்டிக்கொள்வதற்காக 1963-இல் வந்த மிரர், முன்பு லேசர் என்று அழைக்கப்பட்ட ஐஎல்சிஏ, பிள்ளைகள் ஓட்டும் டாப்பர் என்று பலவும் ஒன்றாகவே கிளம்புகின்றன. இவற்றைச் சமப்படுத்துவது, பிரிட்டனின் பாய்ப்படகு அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷன் ஆண்டுதோறும் வெளியிடும் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற எண்பட்டியல். எடுத்துக்கொண்ட நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, அந்தப் படகு வகைக்குரிய எண்ணால் வகுப்பார்கள். ஐஎல்சிஏவில் பெரிய பாய் கொண்ட ஐஎல்சிஏ 7-க்கு அந்த எண் ஏறத்தாழ 1100, டாப்பருக்கு ஏறத்தாழ 1370. எனவே பெரியவர் ஒருவர் ஐஎல்சிஏ 7-இல் 45 நிமிடத்தில் முடித்ததும், பன்னிரண்டு வயதுப் பெண் டாப்பரில் 56 நிமிடத்தில் முடித்ததும் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே; நூலிழையில் முந்துவது அந்தப் பெண்தான். அந்தப் பெண் தன்னைவிடப் பதினொரு நிமிடம் பின்தங்கி வந்து தன்னை வென்றுவிட்டதை அறிவிப்புப் பலகையில் பார்க்கும் பெரியவரின் முகம், கட்டிய சந்தாவில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிடும். பெரிய மேடையும் இதே படகுக் குடும்பத்துக்கு உண்டு: சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஓட்டியது, அடிப்பகுதி இதேதான் ஆனால் பாய் சிறியதான ஐஎல்சிஏ 6.

பந்தயம் ஒழுங்காக நடத்தப்படுகிறது. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி, நான்கில் இன்னொன்று, ஒரு நிமிடத்தில் அதன் இறக்கம், பிறகு புறப்பாடு என்ற வரிசை சர்வதேச விதிப்படி பிசகாமல் பின்பற்றப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஊதல் ஒலியும் உண்டு. பந்தயத் தடத்தைக் குறிக்கும் மிதவையைத் தொட்டவர் ஒரு சுற்றும், வழி கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காதவர் இரண்டு சுற்றும் தன் படகைச் சுழற்றித் தண்டனையை அங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். நடுவர் யாரும் தண்ணீரில் இல்லாதபோதும் பெரும்பாலோர் தாமாகவே சுற்றுகிறார்கள். சுற்றாத இருவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

குளிரைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் இந்தத் தண்ணீர் ஐந்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். அதில் விழுந்தால் முதல் ஒரு நிமிடத்துக்கு மூச்சு நம் கட்டுப்பாட்டில் இராது. கைகால்கள் உருப்படியாக வேலை செய்வது அதன்பின் பத்து நிமிட அளவுக்குத்தான். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே புகாத ட்ரை சூட் என்ற உடையும், உள்ளே கம்பளி அடுக்கும் இல்லாதவரைக் கழகம் ஜனவரியில் இறங்க விடுவதில்லை. இந்தக் கண்டிப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். கைகளுக்குத்தான் சரியான தீர்வு கிடையாது. தடித்த நியோப்ரீன் கையுறை போட்டால் பாய்க்கயிறு பிடிபடாது, மெல்லியது போட்டால் விரல் மரத்துப்போகும். பழைய உறுப்பினர்கள் மெல்லிய கம்பளிக் கையுறைக்கு மேலே பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் விலையுயர்ந்த ஜோடிகளைவிட இது நன்றாக வேலை செய்கிறது; மஞ்சள் நிறம்தான் கண்ணைப் பறிக்கும். உறைபனி விழுந்த காலைகளில் கயிற்றைக் கவ்வும் கிளீட்டின் பற்களுக்குள் பனி உறைந்து அவை அசைய மறுக்கும் என்பதால், சமையலறையிலிருந்து ஒரு குடுவை வெந்நீர் படகு நிறுத்துமிடம் முழுவதும் கைமாறிச் செல்லும்.

இந்தக் கழகத்தின் உண்மையான இயல்பு கடமைப் பட்டியலில் தெரிகிறது. ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்குச் சில முறை படகை விட்டுவிட்டு வேலை செய்தாக வேண்டும்: பந்தய அதிகாரியாக, நேரம் குறிப்பவராக, மீட்புப் படகின் ஓட்டுநராக அல்லது உதவியாளராக. மீட்புப் படகின் உதவியாளர் வேலை எளிதானதன்று. காற்று திசை மாறிவிட்டால், நங்கூரச் சங்கிலியோடு கனத்த மிதவையைச் சேறு சொட்டச் சொட்ட மேலே இழுத்து, இருநூறு மீட்டர் தள்ளிப் போட்டு, பந்தய அதிகாரி வாக்கி-டாக்கியில் ‘இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்’ என்று சொல்ல, மறுபடியும் இழுக்க வேண்டும். யாராவது கவிழ்ந்தால் முதலில் ஆள், பிறகுதான் படகு என்ற ஒழுங்கை இங்கே கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். பணம் கட்டிவிட்டோம், சேவை வரட்டும் என்ற மனநிலையோடு வருபவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. கோவில் திருவிழாவில் உபயம் ஏற்பவர்களுக்கு இந்த ஏற்பாடு விளக்கமில்லாமலே புரியும். வேறு எந்தக் கூட்டத்திலும் எனக்கு அறிமுகமாகியிருக்க வாய்ப்பில்லாத ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர், பல் மருத்துவர், லாரி ஓட்டுநர் ஆகியோருடன் பழக்கம் ஏற்பட்டது பந்தயத்தில் அல்ல. மீட்புப் படகில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மணிநேரங்களில்.

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் கழகக் கட்டடத்தின் மாடியில் கூடுகிறார்கள். சமையலறையையும் உறுப்பினர்களே முறைவைத்து நடத்துகிறார்கள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டிக்குத்தான் வரிசை நீளம். சைவர்களுக்கு அவித்த பீன்ஸ் ஊற்றிய சுட்ட உருளைக்கிழங்கும், பெரும்பாலும் நன்றாகவே அமையும் ஒரு காய்கறி சூப்பும் கிடைக்கும். தேநீர் தாராளம், தரம் சுமார். யார் யாரை எந்த மிதவையில் மடக்கினார்கள் என்பதை மேசைமீது உப்பு, மிளகுக் குப்பிகளை நகர்த்திக் காட்டி விவாதிப்பது மணிக்கணக்கில் நடக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கும் பந்தயத்தை வெற்றிக்காக யாரும் ஓட்டுவதில்லை. தொப்பியும் ஒட்டுத்தாடியுமாக வருபவர்களே அதிகம்.

குறைகள் உண்டு. பெண்கள் உடைமாற்றும் அறையில் வெந்நீர் குளிர்காலத்தின் பாதி நாட்களில் வரவில்லை. நிர்வாகக் குழுவுக்குத் திரும்பத் திரும்ப எழுதிய பிறகே சரிசெய்தார்கள். படகிறக்கும் சரிவில் பாசி வழுக்குகிறது. மணல் தூவுவது யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வருபவரை முதல் நாள் அன்பாக வரவேற்கிறார்கள். ஆனால் அவரை இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் கூப்பிட்டு உட்காரவைக்க ஆள் இல்லை. பழைய நண்பர்கள் பழைய மேசைகளிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் நம்மை ஒதுக்கவில்லை, ஆனால் நாமாகத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் வருவதில்லையே என்று குழு கவலைப்படுவதில் பாதிக்கு இதுவே விடை.

செலவைப் பொறுத்தவரை, ஆண்டுச் சந்தாவும் படகு நிறுத்தக் கட்டணமும் சேர்ந்து சில நூறு பவுண்டுகள். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட இது அதிகமில்லை. பெரிய செலவு ட்ரை சூட்தான், ஆனால் கழகத்தின் அறிவிப்புப் பலகையிலேயே பழையவை விற்பனைக்கு வரும். வாங்குமுன் ஜிப்பையும் கழுத்துப் பட்டையையும் நன்றாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் வெடித்திருந்தால் மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். படகு ஓட்டத் தெரியாதவர்கள் குளிர்காலத்தில் தொடங்க வேண்டாம். வசந்த காலத்து அறிமுக நாளில் வந்து, கோடையில் பயிற்சி முடித்து, நவம்பரில் இரண்டு பேர் ஓட்டும் படகில் உதவியாளராக ஏறுவது நல்ல வழி.

தேர்ந்தவர்கள் ஜனவரியில் குவீன் மேரி நீர்த்தேக்கத்தில் நடக்கும் ‘பிளடி மேரி’ பந்தயத்துக்கும் போகிறார்கள், அதில் மெதுவான படகு முதலிலும் வேகமானது கடைசியிலும் கிளம்ப, நேரம் முடியும்போது முன்னால் இருப்பவர் வெல்வார். வேறு நீர்நிலைக்குப் படகைக் கொண்டுபோய்த் திரும்புபவர்கள் அதைக் கழுவி, ஈரம் போக உலர்த்திய பிறகே இங்கே மறுபடி இறக்கலாம். 2010-இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் ஈரமான படகுகளோடு ஒட்டிப் பரவக்கூடிய அயல் இனமான ‘கொலைகார இறால்’ கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து நாடெங்கும் இந்தக் கழுவலை வலியுறுத்துகிறார்கள். இங்கே கழுவும் குழாய் வாயிலுக்கு இடப்புறம் இருக்கிறது, உறைபனி நாட்களில் அதை அடைத்துவிடுவார்கள், எனவே புறப்படும் இடத்திலேயே கழுவிக்கொண்டு வாருங்கள்.