சேலத்தில் ஆர்டுயினோ கிட் வாங்கப் போகிறீர்களா? சிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காபி மூட்டை அடுக்கும் அறையின் ஈரப்பதத்தைச் சின்னத் திரையில் காட்டும் கருவி செய்ய ஆசைப்பட்டாள். சேலம் டவுனில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1,850 ரூபாய்க்கு ஆர்டுயினோ கிட் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டும் அதோடு சேரும் பாகங்களும்) வாங்கிக் கொடுத்தேன். பெட்டி மேல் 'நானோ, அட்மெகா 328' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நானோ என்பது போர்டின் பெயர், அட்மெகா 328 அதன் மூளையான சிப்பின் பெயர். உள்ளே வைத்திருந்ததோ அட்மெகா 168 சிப்.

முதலில் புரோகிராம் ஏறவே இல்லை. 'நாட் இன் சிங்க்' (கம்ப்யூட்டரும் போர்டும் ஒத்துப் பேசவில்லை) என்ற பிழைதான் திரும்பத் திரும்ப வந்தது. கேபிளை மாற்றினாள், டிரைவரை மறுபடி போட்டாள். தனக்குத்தான் தெரியவில்லை என்று பிள்ளை முகம் வாடிப்போனது. எனக்கு ஆத்திரமே அதில்தான். போன் கேமராவைப் பெரிதாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் சிப்பின் முதுகில் 168 என்ற எண் தெரிந்தது. கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ மென்பொருளின் மெனுவில் பிராசஸரை 168 என்று மாற்றியதும் போர்டு விளக்கு மின்னியது. திரை மட்டும் இருட்டாகவே கிடந்தது.

காரணம் இதுதான். 328-இல் ராம் (புரோகிராம் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம்) 2 கே.பி., 168-இல் பாதி, அதாவது 1,024 பைட். கிட்டோடு வந்த ஓலெட் திரையில் 128-க்கு 64 புள்ளிகள். திரையை இயக்கும் வழக்கமான லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) முழுப் படத்தையும் ராமில் வைத்துக்கொள்ளும். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்று அதற்கு மட்டுமே 1,024 பைட் வேண்டும். அப்புறம் புரோகிராம் எங்கே ஓடும்?

மலையிறங்கிக் கடைக்குப் போனோம். "ரெண்டும் ஒண்ணுதாங்க, படிக்கிற பிள்ளைக்கு இது போதும்" என்றார் கடைக்காரர். பில்லில் 'கிட்' என்று மட்டும் எழுதியிருந்ததால் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். தெரியாமல் நடந்ததாக நான் நம்பவில்லை.

குளோன் போர்டு (வேறு கம்பெனி செய்த நகல்) என்பது என் புகார் இல்லை. ஆர்டுயினோவின் வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். யூ.எஸ்.பி.க்கு சி.எச்.340 சிப் போட்ட மலிவு போர்டுகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றைத் தருவதுதான் மோசடி.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு, 28 கால் உள்ள நீளமான சிப்பை சாக்கெட்டில் செருகிய ஆர்டுயினோ ஊனோ ஆர்3 வகை போர்டை வாங்குங்கள். எழுத்து கண்ணுக்கே தெரியும். சிப் போனால் அதை மட்டும் மாற்றலாம். 5 வோல்ட் என்பதால் கிட்டில் வரும் சென்சார்கள் பெரும்பாலும் நேராகப் பொருந்தும். ஈ.எஸ்.பி.32, பிக்கோ எல்லாம் நல்ல போர்டுகள்தான், ஆனால் அவை 3.3 வோல்ட், தெரியாமல் 5 வோல்ட் சிக்னலைக் கொடுத்தால் போர்டின் இணைப்புக் கால் (பின்) கெட்டுப்போகலாம்.

பில்லில் சிப்பின் பெயரையும் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாமல், சிப்பையும் பெட்டியையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்துவிட்டோம்.