சலங்கை கட்டிய காலுக்கு ஆணி ஷூ: டர்பனில் ஒரு ஃபிளமெங்கோ வகுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சமூக மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் நடக்கும், ஃபிளமெங்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு நடனத்தில் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு இது. 12 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பரதம் படித்த நம் பெண்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள். பரதம் தெரிந்த காலுக்கு இது தானாக வந்துவிடும் என்று நம்பி வருபவர்களுக்கு முதல் மாதம் தடுமாற்றம்தான்.

வகுப்பின் பெரிய பலம், முதல் மூன்று வாரம் காலைத் தூக்கவே விடாமல் கைதட்ட மட்டும் வைப்பது. காசு கொடுத்துக் கைதட்டவா வந்தோம் என்ற முணுமுணுப்பு இருக்கிறது, பொருட்படுத்த வேண்டாம். உள்ளங்கைகளைக் குழித்துச் சேர்த்தால் மந்தமான ஒலி, அது பாடகருக்கு. விரல்களை உள்ளங்கையில் அறைந்தால் கூர்மையான ஒலி, அது காலடி வேகமெடுக்கும்போது.

பிறகுதான் கணக்கு. சொலேயா என்னும் நிதானமான ஃபிளமெங்கோ வகைக்கு 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12இல். தகிட தகிட தக தக தக என்று சொல்லிப் பார்த்தால் கொத்துகள் சரியாக விழும். ஆனால் அழுத்தம் கொத்தின் தலையில் இல்லை, வாலில். நம் தாளத்தில் சமம் என்றாலே முதல் தட்டு. உடம்பு தன்னால் 1இல் கனமாக இறங்கும், அங்கேயே எல்லாம் கெட்டுவிடும். நம் பரதத்தில் அடவுக் கோவையை முடிக்கும் தீர்மானம் மாதிரியான முடிப்பும் இங்கே 10இல் நிற்கும். ஆசிரியை பலகையில் எதுவும் எழுதுவதில்லை. 10இல் எல்லாரையும் சட்டென நிறுத்தி, 11, 12ஐ வாயால் மட்டும் சொல்ல வைக்கிறார். அந்த இரண்டு எண்ணிக்கையும் மூச்சு விடும் இடம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. புலேரியாஸ் என்னும் வேகமான வகைக்கும் அதே 12தான். அங்கே 12இலிருந்தே எண்ணத் தொடங்குவதால் தகிட நேராகப் பொருந்திவிடும்.

காலடியில் பரதத்தின் அரைமண்டியை மறக்க வேண்டும். முட்டி வெளியே திரும்பாமல் முன்னோக்கி, சற்றே தளர்ந்திருக்கும். இடுப்பிலிருந்து காலை முன்னால் தூக்கி அடித்தால் சத்தம் வரும், வேகம் வராது. முட்டியை மடக்கிக் குதிகாலைப் பின்பக்கம் உயர்த்தி அடிக்க வேண்டும். கோல்பே என்பது முழுப் பாதத் தட்டு. அதில் ‘தட்’ என்று ஒரே ஒலி வர வேண்டும். ‘தடக்’ என்று வந்தால் குதிகால் பிந்திவிட்டது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுத் திருத்துகிறார் ஆசிரியை. கொடுத்த காசு இங்கே செரிக்கிறது.

குறை என்றால் தரைதான். சிமெண்டின் மேல் டைல்ஸ். ஷூவின் அடியில் ஒலிக்காக அறைந்திருக்கும் ஆணி வழுக்குகிறது, அதிர்ச்சி முழுக்க முட்டிக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது. ரப்பர் விரிப்பின் மேல் 18 மி.மீ. பிளைவுட் போட்டாலே பாதி தீரும். நிர்வாகம் இதைச் செய்யாதது சோம்பேறித்தனம். கிதாரும் பாட்டும் பதிவில்தான் ஒலிக்கின்றன. பதிவு ஆடுபவருக்காகக் காத்திருக்காது. யமாதா என்னும் அடியால் பாடகரை உள்ளே அழைப்பதை அதை வைத்துக் கற்க முடியாது. ஆசிரியையே அவ்வப்போது ஓரிரு வரி பாடிச் சமாளிக்கிறார்.

ஆசிரியரின் பயிற்சியை எங்கே சேர்ந்தாலும் விசாரியுங்கள். ஸ்பானிஷ் டான்ஸ் சொசைட்டி 1965இல் தென்னாப்பிரிக்காவிலேயே தொடங்கியது. அதன் தேர்வுகளில் காஸ்தனெட் என்னும் கைச்சிப்ளா, வட்டார நடனங்கள், ஃபிளமெங்கோ எல்லாம் கலந்து வரும். நிலைக்கும் கைவீச்சுக்கும் நல்ல அடித்தளம். பாடகரோடு சேர்ந்து ஆடும் பழக்கத்தைச் ஸ்பெயினின் செவில், ஹெரேஸ் போன்ற ஊர்களில்தான் தேட வேண்டும். 1997இல் தொடங்கிய ஹெரேஸ் ஃபிளமெங்கோ விழாவில் வகுப்புகளும் நடக்கின்றன. இந்த ஆசிரியையிடம் இரண்டும் உண்டு. சான்றிதழை விட, எந்தப் பாடகருக்கு ஆடினீர்கள் என்ற கேள்வி பயன்படும்.

ஷூவை முதல் நாளே வாங்க வேண்டாம். அகலக் குதியுள்ள சாதாரணத் தோல் ஷூ ஒரு மாதம் தாங்கும். பிறகு 5 அல்லது 6 செ.மீ. குதியில், முன்விரல் முட்டாத அளவுக்கு இறுக்கமாக எடுங்கள், தோல் விரியும். டர்பன் ஈரக்காற்றில் ஆணி துருப்பிடிக்கும், தோலில் பூஞ்சை வரும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல், உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள். ஆணித் தலை தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் இறங்குங்கள்.

ஒரு பருவத்துக்கு 20 பேர் வரை சேர்க்கிறார்கள். அவ்வளவு கால்களையும் ஒரே ஆள் கவனிக்க முடியாது. முன்வரிசை கிடைக்காவிட்டால் அடுத்த பருவத்துக்குக் காத்திருப்பதே நல்லது.