அண்ணா நகரில் பழைய ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஏழு லட்சம் ரூபாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேற்று ராத்திரியிலிருந்து தலைக்குள் இந்தத் தொகைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு லட்சம் ஃபிளாட்டை விற்க வந்த வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ், ஒரு லட்சம் ஏஜெண்டுக்குக் கமிஷன் கணக்கில். நேற்று சாயங்காலம் வக்கீல் ஆபீஸில் ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார்கள், வீட்டுக்காரருக்கு நாங்கள் அனுப்பிய நோட்டீஸ், 'கதவு பூட்டியிருக்கிறது' என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்திருக்கிறது. அதே வீட்டு பால்கனியில் வேட்டி காய்ந்துகொண்டிருந்ததை அன்று காலைதான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் எதுவும் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். வீடு தேடுகிற எல்லோரும் பார்க்கும் இணையதளம் ஒன்று, கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஏஜென்சி ஒன்று, அவ்வளவு தெரிந்தால் போதும். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் வில்லிவாக்கத்தில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் நாங்கள், கொஞ்சம் நடந்தால் அண்ணா நகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவர் பூங்காவுக்குப் போவது வழக்கம். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், பல வருடம் பூட்டிக் கிடந்து 2023ல்தான் மறுபடி மேலே ஏற விட்டார்கள். முதல் முறை ஏறி நின்றபோது கீழே ஒரே பச்சை, நடுநடுவே மொட்டை மாடிகள். "இதுல ஒரு வீடு நமக்கு வராதாப்பா" என்று அம்மா கேட்டார். அங்கேதான் ஆரம்பித்தது எல்லாம். புது அபார்ட்மெண்ட் விலை நமக்கு எட்டாது, சதுர அடி விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அதனால் எண்பதுகளில் கட்டிய பழைய ஃபிளாட்டாகத் தேடினோம். லிஃப்ட் இருக்காது, ஆனால் யுடிஎஸ், அதாவது ஃபிளாட்டோடு சேர்ந்து வருகிற பிரிக்கப்படாத நிலப் பங்கு, நன்றாக இருக்கும், பிற்பாடு இடித்துக் கட்டினாலும் நம் பங்கு நிலம் நமக்கு.

அப்படித்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டாவது மாடி, 960 சதுர அடி, யுடிஎஸ் 540, டவர் பூங்காவிலிருந்து நடக்கிற தூரம், விலை 1 கோடியே 32 லட்சம். பக்கத்தில் பச்சை டிக். சரிபார்க்கப்பட்டது என்று அதற்கு அர்த்தமாம். எது சரிபார்க்கப்பட்டது என்று நான் கேட்கவில்லை. பத்திரத்தைப் பார்த்திருப்பார்கள், ஆளைப் பார்த்திருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஏஜெண்ட் நீட்டிய விசிட்டிங் கார்டில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு எண் வேறு.

வீட்டைப் பார்க்கப் போன நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பால்கனிக்கு வெளியே புங்கமரம், கை நீட்டினால் இலை. ரெட் ஆக்ஸைடு தரை, நாற்பது வருடம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி. வீட்டுக்காரர் எழுபது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, என்னைத் தம்பி தம்பி என்றுதான் கூப்பிட்டார். அவர் மனைவி அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் பூஜை அறையைக் காட்டினார். "பொண்ணு கல்யாணம், பேரன் பிறந்தது எல்லாம் இந்த வீட்லதாம்மா, ராசியான வீடு, நல்லவங்க கையில போகணும்னுதான் பார்க்கிறோம்" என்றார். என் அம்மா கண் கலங்கிவிட்டார். மோர் கொடுத்தார்கள், இஞ்சி தட்டிப் போட்ட மோர். அந்த மோர்தான் என் ஏழு லட்சத்தைக் குடித்தது.

நான் ஒன்றும் பார்க்காமல் கொடுத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பதிவுத்துறை தளத்தில் முப்பது வருட வில்லங்கம் நானே போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூலப் பத்திரம், வீட்டுவசதி வாரியத்திலிருந்து முதலில் வாங்கியவர் பத்திரம், இவர் பத்திரம் எல்லாவற்றுக்கும் கலர் ஜெராக்ஸ், பிளாஸ்டிக் கவரில் அழகாக அடுக்கிக் கொடுத்தார்கள். ஒரிஜினல் எங்கே ஐயா என்று கேட்டேன். "லாக்கர்ல இருக்கு தம்பி, வயசான காலத்துல வீட்ல வச்சுக்க முடியுமா" என்றார். நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமையே அட்வான்ஸ். இன்னொரு பார்ட்டி பெங்களூரிலிருந்து சனிக்கிழமை வருகிறது என்று ஏஜெண்ட் அவசரப்படுத்தினார். இந்த பெங்களூர் பார்ட்டி எல்லா வீட்டுக்கும் வருவார் போல. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன் மேல் மூன்று லட்சம் ரொக்கம், மூன்று லட்சத்துக்குச் செக். முழுவதும் செக்காகத் தருகிறேன் என்றேன், "பெரியவர் ஆஸ்பத்திரி செலவுக்குக் கேக்கிறார் சார்" என்றார் ஏஜெண்ட். வீட்டுக்காரர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கட்டாக எண்ணினார், ஒரு கட்டில் நூறு தாளுக்கு ஒன்று குறைகிறதோ என்று இரண்டு தடவை எண்ணினார். அவ்வளவு கறாராக எண்ணுகிறவர் நாணயமான ஆளாகத்தான் இருப்பார் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். "வெத்தலை பாக்கு மாத்தியாச்சு, இனிமே இது உங்க வீடு சார்" என்று ஏஜெண்ட் கை கொடுத்தார், கீழே இறங்கியதும் படிக்கட்டிலேயே அவருடைய ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டார்.

அக்ரிமெண்ட் வெறும் பத்திரத்தாளில், நோட்டரி கையெழுத்தோடு. பதிவு செய்யலாமே என்றதற்கு வீண் செலவு, அலைச்சல், 45 நாளில் கிரயமே ஆகப்போகிறது என்றார்கள். அதில் நான்காவது பக்கத்தில் ஒரு வரி. 45 நாட்களுக்குள் வாங்குபவர் மீதிப் பணம் கொடுத்துக் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது. "எல்லா அக்ரிமெண்ட்லயும் இருக்கிறதுதான் சார், ஃபார்மாலிட்டி."

லோனுக்கு பேங்க்கில் கொடுத்தேன். அவர்களுடைய வக்கீல் ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரிஜினலைக் கண்ணில் காட்டினால்தான் லீகல் ஒப்பீனியன் என்றார். சரி, லாக்கரில்தானே இருக்கிறது, எடுத்துக் காட்டினால் முடிந்தது. முதல் வாரம் லாக்கர் சாவியைக் காணவில்லை. இரண்டாவது வாரம், லாக்கர் பையன் பெயரிலும் இருக்கிறது, அவன் துபாயிலிருந்து வர வேண்டும். மூன்றாவது வாரம் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இந்த நேரத்தில் தொந்தரவு பண்ணாதீர்கள். நான்காவது வாரம் அமாவாசை கழியட்டும். ஏஜெண்டிடம் கேட்டால் "நான் பேசுறேன் சார், டென்ஷன் ஆகாதீங்க." ஐந்தாவது வாரத்திலிருந்து அவர் போன் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். ஆபீஸுக்குப் போனால் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் "சார் சைட் விசிட்ல இருக்காங்க" என்பார். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கால் தெரியும். பழுப்பு நிற ஷூ.

46வது நாள் வீட்டுக்காரரே போன் செய்தார். தம்பி என்ற குரல் மாறவே இல்லை. "உங்களுக்கு லோன் வரலை போல இருக்கே தம்பி, நாங்க என்ன பண்றது, அக்ரிமெண்ட்ல என்ன போட்டிருக்கோ அதான்." ஒரிஜினலைக் காட்டாதது நீங்கள் என்று கத்தினேன். "ஒரிஜினல் காட்டணும்னு அக்ரிமெண்ட்ல இருக்கா?" என்றார். இல்லை. எடுத்துப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை.

அந்த வீட்டுக்கே போய்க் கீழே நின்றபோது வாட்ச்மேன்தான் மெதுவாகச் சொன்னார். "பத்திரம் பைனான்ஸ்காரர் ஒருத்தர்கிட்ட இருக்கு சார், மாசா மாசம் வட்டி கேட்டு ஆள் வருவாங்க. நீங்க மூணாவது ஆளு." பேங்க்கில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கினால் எம்ஓடி என்று பதிவாகி வில்லங்கத்தில் வந்துவிடுமாம், தனியாரிடம் பத்திரத்தைத் தூக்கிக் கொடுத்து வாங்கினால் எதிலும் வராதாம். இது எனக்கு ஏழு லட்சம் கொடுத்தபின் தெரிந்த பாடம். வில்லங்கம் சுத்தம் என்று நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த இணையதளத்தில் புகார் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து, நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சந்திக்க வைக்கும் தளம் மட்டுமே, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பல்ல, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பதில். பச்சை டிக் என்றால் என்ன என்று கேட்டேன். விளம்பரம் கொடுத்தவரின் போன் நம்பர் வேலை செய்கிறதா என்று ஓடிபி அனுப்பிப் பார்த்திருக்கிறார்களாம். நம்பர் வேலை செய்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனேன், அக்ரிமெண்டைப் பார்த்துவிட்டு சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க என்றார்கள். வக்கீலிடம் ரெரா எண்ணைக் காட்டினேன். அது புது புராஜெக்ட்டுகளுக்கான சட்டம், பழைய வீட்டைக் கை மாற்றுகிற விஷயத்தில் அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் பண்ண முடியாது என்றார். அதோடு விடவில்லை, தமிழ்நாட்டில் 2012லிருந்தே கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், படித்த ஆள் நீங்கள் எப்படி விட்டீர்கள் என்று கேட்டார். ஆடிட்டர் நண்பன் வேறு, வீட்டு அட்வான்ஸை இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்குவதே 2015லிருந்து வருமானவரிச் சட்டப்படி தப்பு என்கிறான். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, பணம் போன பிறகு.

அந்தப் பணம் செய்யாறு பக்கத்தில் அப்பா விட்டுப் போன நிலத்தில் என் பங்கை விற்றது. ஏழு லட்சம், என் வாடகைக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை வருடம். அம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பையன் துபாயிலிருந்து வந்துவிட்டானா என்று தினமும் கேட்கிறார்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது எழுதத் தெம்பில்லை. ஒரிஜினல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். அக்ரிமெண்டைப் பதிவு செய்யுங்கள், ஒரிஜினல் காட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று அதில் எழுதுங்கள், லோன் வரவில்லை என்றாலும்தான். மேலே போவதற்கு முன் வாட்ச்மேனிடம் பேசுங்கள்.

முக்கியமான ஒன்று. விளம்பரம் இன்று காலை மறுபடி வந்துவிட்டது, விலை 1 கோடியே 38 லட்சம், அதே பச்சை டிக். நாங்கள் போன அன்று ஏஜெண்ட் எடுத்த படங்களைத்தான் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது படத்தில் பால்கனிக் கம்பியில் நீலப் பூப்போட்ட குடை ஒன்று மாட்டியிருக்கும், அது என் அம்மாவுடையது. அந்தக் குடை இருக்கிற விளம்பரத்தைப் பார்த்தால் போன் பண்ணாதீர்கள்.