ஜன்னல் கம்பியில் ஹொட்ஸ்பொட்: மட்டக்களப்புப் பயணத்தில் கண்ட சேவைகள்

மட்டக்களப்பில் இணையம் ஒழுங்காகக் கிடைக்குமா என்று சூரிச்சில் இருக்கும் நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். தாராளமாகக் கிடைக்கிறது. இல்லாமல் இருப்பது வேறொன்று. வீட்டுக்கு வீடு நல்ல தொலைபேசிகள் இருக்கின்றன, அவற்றுக்குள் கல்யாணம் முதல் கருமாதி வரை குடும்பத்தின் பத்துப் பதினைந்து வருடக் கதை கிடக்கிறது, ஆனால் அதற்கு இரண்டாவது பிரதி எங்கும் இல்லை. இந்த முறை ஊரில் நின்ற நாட்களில் பெரும்பகுதி இதற்கே செலவானது. எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சிம் எடுப்பதில் சொல்ல அதிகம் இல்லை. கடவுச்சீட்டைக் காட்டினால் பதிந்து, போட்டும் தந்துவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது நாம் கொண்டுவரும் சிம். அதைக் கழற்றிப் பர்சுக்குள் செருகிக்கொள்பவர்கள் நம்மவர்களில் பலர். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். காப்புப்பிரதிச் சேவைகளும் அப்படியே: புதிய இடத்திலிருந்து உள்நுழைந்தால் சந்தேகப்பட்டு அந்த எண்ணுக்கே குறுஞ்செய்தி அனுப்பும். இரட்டைச் சிம் தொலைபேசி என்றால் வெளிநாட்டு எண்ணின் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, எண்ணை உயிரோடு வைத்திருங்கள். எண்ணை மாற்றவா என்று வட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் வந்தேன். என் ஐபேட்டில் சிம் போட இடமில்லை. வைஃபை மட்டும் உள்ள வகை. ஆகவே தொலைபேசியின் இணையத்தை வைஃபையாகப் பகிரும் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து ஐபேட்டை அதில் கட்டிவிட்டேன். கல்ஓயாச் சந்தியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பொலன்னறுவையில் நிமிர்ந்தது. வெலிக்கந்தை, புணானைப் பக்கம் மறுபடியும் ஒளித்து விளையாடியது. வாழைச்சேனைக்குப் பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை.

எதிர் இருக்கையில் லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம். பையனின் ஐபேட்டுக்குத் தகப்பனின் அன்ட்ரொயிட் தொலைபேசியிலிருந்து ஹொட்ஸ்பொட். பொலன்னறுவை வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. பையன் பார்த்ததோ ஒரு சின்னக் காணொளி. தகப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் பையன் மீது தவறில்லை. ஐபேட்டுக்கு வைஃபை என்றால் வைஃபைதான். அது வீட்டு இணைப்பா, தகப்பனின் மடியில் இருக்கும் தொலைபேசியா என்று அதற்குத் தெரியாது. தாராள மனதோடு படங்களை இணையச் சேமிப்பான மேகத்துக்கு ஏற்றும், செயலிகளைப் புதுப்பிக்கும். தொலைபேசியும் டேப்லெட்டும் இரண்டும் ஆப்பிள், அல்லது இரண்டும் அன்ட்ரொயிட் என்றால் பெரும்பாலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு அடக்கி வாசிக்கும். கலந்து வைத்திருப்பவர்கள் தாங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐபேட்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு குறியைத் தொட்டால் 'குறைந்த டேட்டா முறை' என்று ஒரு தெரிவு வரும். 2019 இலிருந்து இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் படப் பரிமாற்றமும் தானியங்கிப் புதுப்பிப்பும் நிற்கும். அன்ட்ரொயிட் டேப்லெட்டில் அதே இடத்தில் 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று மாற்றலாம். ஏறாவூர் வரும்வரை அந்தத் தகப்பனுக்கு இதைத்தான் விளக்கிக்கொண்டு வந்தேன். அவருடைய மனைவிதான் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மாமியின் வீடு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். முன்பெல்லாம் மண்முனைத்துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். 2014 இல் பாலம் திறந்தபிறகு ஆரையம்பதியிலிருந்து ஓட்டோவில் நேரே போய்விடலாம். வீட்டின் முன்விறாந்தையில் சிக்னல் ஒரு கோடு, குசினிப் பக்கம் அதுவும் இல்லை, வயலைப் பார்த்த மேற்கு ஜன்னலில் மட்டும் மூன்று கோடு. டேப்லெட்டைத் தொலைபேசியில் கட்டுவதன் அருமை இங்கேதான் தெரிந்தது. சிக்னல் உள்ள இடத்தில் நாம் நிற்க வேண்டியதில்லை, தொலைபேசி நின்றால் போதும். மாமி தேங்காய் வாங்கப் போகும் சிறிய பிளாஸ்டிக் கூடையை அந்த ஜன்னல் கம்பியில் கட்டி, அதற்குள் தொலைபேசியை நிறுத்தினேன். உறையைக் கழற்றிவிட்டேன். ஹொட்ஸ்பொட்டும் சார்ஜும் சேர்ந்தால் நம் ஊர் வெயிலில் தொலைபேசி கொதிக்கும், கொதித்தால் சார்ஜ் ஏறுவதைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, ஹொட்ஸ்பொட்டின் அலைவரிசையை 2.4 கிகாஹேட்ஸுக்கு மாற்றினேன். வேகம் சற்றுக் குறையும், ஆனால் சுவரைத் தாண்டி விறாந்தை வரை வந்து சேரும். 5 கிகாஹேட்ஸ் ஒரு சுவரைக் கண்டாலே களைத்துப்போகும்.

"கூடைக்குள் வைத்தால் சிக்னல் கூடுமா மகன்?" என்று மாமி கேட்டார். அடுத்த நாள் அவருடைய தொலைபேசியும் அந்தக் கூடைக்குள் இருந்தது.

ஊரில் விற்கும் டேட்டாப் பொதிகள் பலவற்றில் பகலுக்கு ஒரு அளவும் நள்ளிரவுக்குப் பிறகான நேரத்துக்கு வேறொரு அளவும் இருக்கும். இரவு அளவைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை, தூங்கிவிடுகிறார்கள். காப்புப்பிரதிக்கு உரிய நேரமோ அதுதான். அன்ட்ரொயிட் வட்ஸ்அப் தன் நாளாந்தப் பிரதியை அதிகாலை 2 மணிக்கு எடுக்கும். ஆகவே படுக்கைக்குப் போகும்போது மாமியின் தொலைபேசியை என் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, தயங்காமல் ஏற்றட்டும் என்று அந்த இணைப்பை 'அளவிடப்படாதது' என்று மாற்றி, இரண்டையும் சார்ஜில் போட்டுவிட்டேன்.

ஆனால் அதற்கு முன் இரண்டு முட்டுக்கட்டைகள். மாமி வட்ஸ்அப்புக்கென்று மட்டும் விற்கப்படும் மலிவுப் பொதி ஒன்றைப் போட்டுவந்திருக்கிறார். செய்தியும் படமும் அதில் தாராளமாகப் போகும். காப்புப்பிரதியோ கூகுள் டிரைவுக்குப் போகிறது, அந்தப் போக்குவரத்து வட்ஸ்அப் கணக்கில் சேராது. ரீலோட் போட்டுத் தருகிறவர்கள் யாரும் இதை வாய்திறந்து சொல்வதில்லை. அடுத்தது, டிரைவில் இடமே இல்லை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிகாபைட், அஞ்சலுக்கும் படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து. படங்களுக்கு இருந்த அளவில்லாச் சலுகை 2021 ஜூன் 1 உடன் முடிந்தது. அன்ட்ரொயிட் வட்ஸ்அப் பிரதிகளும் இப்போது அந்த 15 இல்தான் கழிகின்றன. 'காலை வணக்கம்' படங்களும் கோவில் திருவிழாக் காணொளிகளும் ஏறி உட்கார்ந்திருக்கும் கணக்கில் அது எத்தனை நாளைக்குப் போதும்?

அந்தக் கணக்கைத் திறக்கப்போனபோதுதான் பெரிய பூதம் கிளம்பியது. தொலைபேசியை விற்ற கடைக்காரரே கூகுள் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார். கடவுச்சொல் மாமிக்குத் தெரியாது. கடைக்காரர் இப்போது கட்டாரில். நம் ஊரில் இது சர்வசாதாரணம், ஆனால் ஆபத்தானது. அன்ட்ரொயிட் தொலைபேசியைக் கடையில் கொடுத்து வெறுமையாக்கினால், திறக்கும்போது பழைய கணக்கைக் கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. சொந்தக்காரரையே வெளியே நிறுத்திவிடும். என் மருமகளை, அதாவது மாமியின் பேத்தியை, வைத்து மாமியின் பெயரில் புதிய கணக்கொன்றைத் தொடங்கி, கடவுச்சொல்லைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதவைத்தேன். பாதுகாப்பு வல்லுநர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த வீட்டில் பஞ்சாங்கம் தொலைந்ததாக வரலாறு இல்லை.

மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது தாயின் தொலைபேசியில் தொற்றிக்கொண்டு படித்த பிள்ளை. ஹொட்ஸ்பொட் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்குத் தெரிந்தது அதிகம். "மாமா, மெயில் பார்க்க மட்டும் என்றால் புளூடூத்தில் இணையுங்கள், பற்றரி நிற்கும்" என்றாள். உண்மைதான். வேகம் குறைவு, ஆனால் இரு கருவிகளும் ஒத்துக்கொண்டால் கடிதத்துக்கும் செய்திக்கும் அது போதும்.

மாமி உண்மையில் கேட்டது தன் தொலைபேசியைப் பற்றி அல்ல. காலமான மாமாவின் தொலைபேசி அலுமாரிக்குள் இருந்தது. திரையின் கீழ்ப்பாதி தொடுகைக்கு அசையவில்லை, பூட்டைத் திறக்கும் கோலத்தைப் போட முடியவில்லை. கோலம் மாமிக்குத் தெரியும். அதற்குள் மாமா அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன.

நகரில் முதலில் போன கடை பளபளப்பானது. குளிரூட்டி, கண்ணாடி மேசை, எல்லாம் இருந்தது. தொலைபேசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குத் திரை மாற்றித் தருகிறோம், டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார்கள். டேட்டாவுக்காகத்தான் வந்தோம் என்று இருமுறை சொல்லியும் பேச்சு திரை விலைக்கே திரும்பியது. குடும்பப் படங்கள் உள்ள தொலைபேசியைப் பூட்டைத் திறந்து இன்னொருவர் கையில் இரவு முழுக்க விட்டுவருவது எனக்குச் சரிப்படாது. பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் எவருக்கும் சரிப்படக்கூடாது. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடை ஓர் ஆள் நிற்கும் அகலம். முன்னால் ரீலோட், போட்டோப் பிரதி, பின்னால் ஒரு மேசை விளக்கு. இருபது வயது மதிக்கத்தக்க தம்பி. தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, மேசைக்கடியிலிருந்து ஒரு சிறிய யூ.எஸ்.பி. பல்முனைப் பெட்டியை எடுத்து தொலைபேசியில் செருகினான். அதில் ஒரு பழைய கணினி மௌஸைப் பொருத்தினான். திரையில் அம்புக்குறி வந்துவிட்டது! "அம்மா, கோலத்தைச் சொல்லுங்கள்" என்றான். மாமி காற்றில் விரலால் வரைந்து காட்ட, அவன் மௌஸால் இழுத்தான். திறந்துகொண்டது. திரை கெட்டிருந்தாலும் தொலைபேசியின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, விரலுக்குப் பதில் வேறொரு வழி கொடுத்தால் போதும் என்பது அந்தப் பளபளப்பான கடைக்குத் தெரியாமல் இருந்திருக்காது. திரை விற்பதில்தான் இலாபம்.

பெட்டியின் மற்றத் துளையில் நான் கொண்டுபோன பென்டிரைவ். படங்கள் மளமளவென்று ஏறின. குரல் செய்திகள் நேரமெடுத்தன. வட்ஸ்அப் அவற்றை வாரத்துக்கு ஒரு கோப்புறையாகப் பிரித்து வைக்கிறது, ஒவ்வொன்றும் சிறிய கோப்பு, ஆயிரக்கணக்கில். நடுவில் கடையில் மின்சாரம் போனது. தொலைபேசியின் பற்றரியில் ஓடியதால் வேலை நிற்கவில்லை. தம்பி வாசலில் போய் நின்று வெளிச்சத்தில் வேறொருவரின் சார்ஜர் துளையைத் துப்புரவாக்கினான். கேட்ட கூலி ஒரு ரீலோட்டின் அளவுகூட இல்லை, கூடக் கொடுத்தால் வாங்கவும் மாட்டேன் என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூகுள் போட்டோஸ் இருக்கிறதே, எல்லாம் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பார்த்துக்கொள்வது படத்தையும் காணொளியையும். குரல் செய்தியைத் தொடாது. படங்களிலும் கமராவில் எடுத்தவை மட்டுமே இயல்பாகப் போகும். வட்ஸ்அப்பில் வந்தவற்றின் கோப்புறையை நாமே தெரிவுசெய்து கொடுக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் பேரப்பிள்ளையின் படம் பாட்டியின் கமராவிலா எடுக்கப்படுகிறது? எல்லாம் வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தவை.

கணினிக்காரர்கள் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள்: மூன்று பிரதி, இரு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். கல்லடி, நாவலடிப் பக்கம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் அல்பங்களோடு போன வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கடைசி எண்ணை விளக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு 'வேறு இடம்' காசில்லாமலே இருக்கிறது. ஒரு வட்டு மருமகளிடம், ஒன்று என்னோடு சூரிச்சுக்கு, மிக முக்கியமான சிலது மட்டும் மாமியின் புதிய கணக்கில். வட்டுகளை எக்ஸ்ஃபெட் (exFAT) எனும் கோப்பு முறையில் வடிவமைத்துக் கொடுத்தேன். கணினி, ஐபேட், இப்போதைய அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் பெரும்பாலானவை எல்லாம் அதைப் படிக்கும். பழைய ஃபெட்32 இல் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கல்யாணக் காணொளி ஏறாது. நகலெடுத்ததும் கோப்புறையின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு, நடுவிலிருந்து சிலவற்றைத் திறந்தும் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத பிரதியை நம்பி மூலத்தை அழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்பாடு இப்போது இப்படி நடக்கிறது. மாதம் ஒருமுறை மருமகள் மாமியின் தொலைபேசியை மடிக்கணினியில் கம்பியால் இணைத்து, 'கோப்புப் பரிமாற்றம்' என்று தெரிவுசெய்து, வட்டில் அந்த மாதத்தின் பெயரில் ஒரு கோப்புறை போடுகிறாள். டேட்டா ஒரு துளியும் செலவில்லை. போன மாதப் பிரதி முடிந்ததும் செய்தி அனுப்பியிருந்தாள்: தொலைபேசியில் இடமில்லை, 'காலை வணக்கம்' படங்களையாவது அழிக்கலாமா என்று கேட்டதற்குப் பாட்டி சம்மதிக்கவில்லையாம். ஒவ்வொன்றும் யார் அனுப்பியது என்று அவருக்குத் தெரியுமாம். வட்டில் இன்னும் இடமிருக்கிறது, எல்லாவற்றையும் போடு என்று பதில் எழுதினேன்.