முத்திரை இல்லாத பேக் பிளேட்டை அசல் மைஃபோர்டு என்று விற்றார்கள்: எம்எல்7 லேத் வைத்திருப்போர் கவனத்துக்கு

பெயரோ எண்ணோ பொறிக்கப்படாத லேத் (கடைசல் இயந்திரம்) உறுப்பு எதையும், விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு இங்கே நடந்த பழைய இயந்திரச் சந்தை ஒன்றில், என்னுடைய மைஃபோர்டு எம்எல்7 லேத்தில் நான்கு அங்குல ‘சக்’ என்னும் பிடிப்பானைப் பொருத்துவதற்காக, அதற்கும் லேத்தின் சுழல் தண்டுக்கும் இடையில் வரும் பேக் பிளேட் என்னும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்றை 45 பவுண்டு கொடுத்து வாங்கினேன். அது நாட்டிங்காமை அடுத்த பீஸ்டனில் இருந்த மைஃபோர்டு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட அசல் உறுப்பு என்றும், பழைய உறுப்புகள் பலவற்றில் முத்திரை இருக்காது என்றும் கடைக்காரர் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னது உண்மை என்பதால் முதலாவதையும் நம்பிவிட்டேன்.

எம்எல்7 லேத் 1946ஆம் ஆண்டு அறிமுகமானது. அதைச் செய்த நிறுவனம் 2011இல் மூடப்பட்டது. ஆகவே அசல் உறுப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் பழைய பொருள் விற்பவர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த லேத்தின் ஸ்பிண்டில் (சுழல் தண்டு) மூக்கு, அதாவது பேக் பிளேட் திருகி ஏறும் முனை, 1⅛ அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 12 மரையும் கொண்டது. சந்தையில் ஸ்கேலை வைத்து மரைகளை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு சரியாக இருந்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டியபோது பிளேட் தடையில்லாமல் ஏறியது. அதன் முகத்தை லேத்திலேயே கடைந்து, சக் பிடிப்பானைப் பொருத்தி, சுழலும்போது மையம் விலகி ஆடுவதை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் மாறியது: ஒருமுறை 0.05 மில்லிமீட்டர், அடுத்த முறை 0.14, பிறகு 0.09. குறை என்னுடைய ஸ்பிண்டிலில்தான் என்று எண்ணி, முன் பேரிங்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்னும் தகட்டடுக்கிலிருந்து ஒரு தகட்டை உரித்து இறுக்கினேன். எம்எல்7இன் பேரிங்குகள் வெள்ளை உலோகம் எனப்படும் மென்மையான கலவையால் ஆனவை. அளவுக்கு மீறி இறுக்கினால் சூடேறிப் பழுதாகிவிடும். கால் மணி நேரத்தில், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் ஸ்டாக்கில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியதும் பதறிப்போய் நிறுத்தினேன். ஒரு குற்றமும் இல்லாத பேரிங்கை இப்படிக் கெடுக்கப் பார்த்தேனே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

பல வாரங்கள் கழித்துத்தான், லேத்தோடு வந்த, அதே ஸ்பிண்டிலில் ஏறும் பழைய ஃபேஸ் பிளேட் என்னும் தட்டை மாட்டிப் பார்க்கத் தோன்றியது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதில் ஆட்டம் 0.01 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அதன் பிறகே வாங்கிய பிளேட்டை முறையாக அளந்தேன். மரைக்குப் பின்னால் ஸ்பிண்டிலில் ரிஜிஸ்டர் என்னும் 1¼ அங்குல, அதாவது 31.75 மில்லிமீட்டர், உருளைப் பகுதி உண்டு. பிளேட்டின் பின்வாய் அதில் இடைவெளியின்றி அமர்ந்தால்தான் மையம் மாறாது. இந்தப் பிளேட்டின் பின்வாயோ 32.3 மில்லிமீட்டர் இருந்தது. பின்முகத்தில் நீல மை தடவி மாட்டிக் கழற்றியபோது, பிளேட் முட்டி நிற்க வேண்டிய ஸ்பிண்டிலின் தோள் ஒரு பக்கத்தில் மட்டுமே பட்டிருந்தது தெரிந்தது.

மரையும் வேறு. மைஃபோர்டின் மரை, பற்களின் கோணம் 55 பாகை கொண்ட விட்வர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் வடிவம். 1⅛ அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 12 மரை என்பது விட்வர்த்தின் வழக்கமான அட்டவணையில் இல்லாததால், அதற்கான, உள்மரை வெட்டும் டேப்பைத் தேடித்தான் வாங்க வேண்டும். ஆனால் 60 பாகை கொண்ட யுஎன்எஃப் என்னும் வேறொரு மரை முறையின் அட்டவணையில் இதே விட்டத்துக்கு இதே பன்னிரண்டு மரை இருக்கிறது. அந்த டேப் எளிதில் கிடைக்கும். மரையின் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் விட்வர்த் பிட்ச் கேஜில் 12 மரைக்கான இலையை உள்ளே வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தபோது, சரிவுகளில் ஒளி கசிந்தது. யுஎன்எஃப் இலை கச்சிதமாக உட்கார்ந்தது. பீஸ்டனில் செய்த உறுப்பில் இந்த மரை இருக்க வாய்ப்பில்லை. யாரோ அண்மையில் செய்து, சாம்பல் நிறச் சாயமும் எண்ணெயும் பூசிப் பழையதாக்கியிருக்கிறார்கள்.

கடைக்காரரிடம் திரும்பிப் போனபோது, “பொருந்தும் என்றேன், பொருந்தியிருக்கிறதே” என்றார். ரசீதிலும் ‘லேத் பேக் பிளேட்’ என்று மட்டுமே எழுதியிருந்தார். வணிகரிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. அந்த நாட்களை நான் பேரிங்கோடு போராடியே கழித்துவிட்டேன். அதன் பின்னும் மாற்றித் தரவோ விலையைக் குறைக்கவோ கோரலாம். ஆனால் அசல் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் எழுத்துச் சான்று இல்லை. அதனால் வாங்கும்போதே ரசீதில் ‘மைஃபோர்டு எம்எல்7, 1⅛ அங்குலம், 12 விட்வர்த், ரிஜிஸ்டர் 1¼’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது நான் ஸ்பிண்டில் மூக்கின் அளவிலேயே, மரையும் ரிஜிஸ்டரும் தோளும் உள்ள ஒரு மாதிரியைக் கடைந்து, சந்தைக்குப் போகும்போதெல்லாம் கையோடு கொண்டுபோகிறேன். அந்தப் பிளேட்டை விற்க எனக்கு மனம் வரவில்லை. இனி அது யார் கைக்குப் போனாலும் ஏமாறாதபடி, அதன் முகத்தில் ‘60 பாகை, மைஃபோர்டு அல்ல’ என்று ‘பஞ்ச்’ என்னும் முத்திரை உளியால் ஆழமாக அடித்து வைத்திருக்கிறேன்.